ஒரு வெட்டுக்கு ஒரு வருசம்

கரடனேந்தலில் இரும்பு அடிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அருவாளோ மண்வெட்டியோ எதுவானாலும் சரி, பழுக்கக் காய்ச்சித் தண்ணித்தொட்டிக்குள் இறக்குகிற நேரத்தில், அது யார் கைக்குப் போகப்போகிறதோ அவர் பேரையும் அவர் அப்பன் பேரையும் மூன்று தரம் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இறக்கினால் இரும்புக்குத் தான் யாருடையது என்று தெரியாமல் போய், வாங்கினவன் காலையே பதம் பார்த்துவிடும் என்று அந்த ஊரில் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு அடிக்கிற ஆளுயர அருவாளுக்குக் கருப்பசாமி பேரைச் சொல்வார்கள். அதற்குக் கூர் வைக்கமாட்டார்கள், சாமிக்குக் கூர் எதற்கு? இந்த வழக்கத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, காரைக்குடிப் பல் டாக்டர் வயிரவன் ஓர் ஆனி மாதத்துக் காலையில் பைக்கில் வந்து இறங்குகிற வரைக்கும்.

வந்தவர் கையில் நாற்பத்து மூன்று பக்கக் காகிதக் கட்டு. கம்ப்யூட்டரில் ‘சாம்பல் கோட்டை’ என்று ஒரு விளையாட்டு இருக்கிறதாம், அதில் ஒரு ராசா வைத்திருக்கிற வாளை அச்சு அசலாக அடித்துத் தர வேண்டுமாம், அதை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த ராசா மாதிரியே வேஷம் போட்டுச் சென்னையில் ஒரு போட்டியில் நிற்கப்போகிறாராம். நாலடி நீளம், முதுகில் ஏழு துளை, நுனிக்கு ஒரு சாண் முன்னால் கொக்கிமாதிரி ஒரு வளைவு, அலகு முழுக்க யாரும் படிக்க முடியாத எழுத்து என்று ஒவ்வொன்றையும் படம் போட்டு அளவு குறித்திருந்தார்.

“கூர் மட்டும் வேணாம்மா. கூர் இருந்தா வாசல்லயே பிடுங்கி வச்சுக்குவாங்க.”

“கூரில்லாத வாளு எதுக்கு டாக்டர், சோத்தைக் கிளறவா?” என்று கேட்டது பேச்சி.

பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவள் இந்தப் பேச்சி. குறடு பிடிக்கிறவள் குருவம்மா, பேச்சியின் அண்ணன் பெண்டாட்டி. மதினியும் நாத்தனாருமாக இரண்டு பொம்பிளைகள் ஒன்பது வருசமாக அந்தப் பட்டறையை நடத்துகிறார்கள். பேச்சிக்கு வாய் ஓயாது, குருவம்மாவுக்கு வாய் திறக்காது. குருவம்மா படத்தைப் பார்த்தாள், மூலையில் கிடந்த பழைய லாரி வில்லுப் பட்டைகளில் நீளமானதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள், உலையில் சொருகினாள்.

டாக்டர் நல்ல மனுசன், ஆனால் அந்த வாளைத் தனியே விட்டுப் போக மனசு வராமல் எட்டு நாள் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் பட்டறையிலேயே கிடந்தார். சம்மட்டி விழ விழ அந்த நாற்பத்து மூன்று பக்கத்தையும் அவர் உரக்கப் படித்தார். ஆர்த்வின் என்று ஒரு ராசா, அவனுக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவன் பின்னால் ராசாவான கெல்மோர், இளையவன் கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்ட துரோகி. அந்தத் தம்பியை ஒரு தரம் கொன்றால் தன் ஆத்திரம் ஆறாது என்று கண்டுகொண்ட கெல்மோர், கோட்டை வாசல் உலையில் ஒரு வாள் அடிக்கச் சொன்னான். அந்த வாளால் வெட்டுப்பட்டவன் சாவான், சாம்பலாவான், மறுநாள் விடியும்போது வாளை அடித்த அதே உலையிலிருந்து உடுத்தின துணியோடு எழுந்து வருவான், ஆனால் ஒரு படி இறங்கித்தான் வருவான். அப்படி எழுந்து வந்த தம்பியைக் கெல்மோர் மறுபடி வெட்டினான், மறுபடி வெட்டினான், கோட்டையெல்லாம் சாம்பல் நிறைகிற வரைக்கும் வெட்டினான்.

“ஒரு படின்னா என்ன டாக்டர்?” என்றாள் பேச்சி, சம்மட்டியை நிறுத்தாமல்.

“லெவல்னு சொல்லுவோம். கடைசியாச் சம்பாதிச்சதெல்லாம் போயிரும். நானே இருநூறு தடவை செத்திருக்கேன்.”

“பாத்தாத் தெரியலையே.”

எட்டாவது நாள் வாள் பழுத்துக் கிடந்தது. குருவம்மா குறட்டால் அதைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பி, “உங்க அப்பா பேரு என்ன டாக்டர்?” என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் பதறிப்போனார்.

“ஐயையோ, என் பேரைச் சொல்லிராதீங்கம்மா. இது என்னோட வாளா? கெல்மோரோட வாளு!”

குருவம்மாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கருப்பசாமி அருவாளுக்கு நேர்ந்துகொண்டவன் பேரையா சொல்கிறோம்? அவள் அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து, “கோட்டை வாசல் ஆர்த்வின் மகன் கெல்மோருக்கு” என்று மூன்று தரம் சொல்லி வாளைத் தண்ணீருக்குள் இறக்கினாள். இதுதான் அவள் செய்த தப்பு. வேறே எந்த ஊர்க் கொல்லனும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். கைப்பிடிக்குப் பித்தளை வார்ப்பு வர ஒரு மாதம் ஆகும் என்றதால் வாளைப் பட்டறைச் சுவரிலேயே மாட்டிவிட்டு டாக்டர் ஊருக்குப் போனார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குருவம்மாவின் புருசன் வேலாண்டியை ஒன்பது வருசத்துக்கு முன்னால் ஆவணி பதினொன்றாம் தேதி, உச்சி வெயிலில், இதே பட்டறை வாசலில் வைத்து வெட்டினார்கள். வெட்டினவன் சங்கிலி. பட்டறைக்குக் கரி சுமந்தவன், வேலாண்டியை அண்ணே என்றும் குருவம்மாவை மதினி என்றும் கூப்பிட்டு அவள் கையால் தின்றவன். சங்கிலியின் தம்பியை வரப்புத் தகராறில் நாலு பேர் சேர்ந்து துண்டு துண்டாக வெட்டிப் போட்டார்கள், அந்த அருவாளை அடித்தது வேலாண்டி. தேங்காய் வெட்ட என்று கேட்டார்கள், அடித்துக் கொடுத்தான், அவனுக்கு என்ன தெரியும்? வெட்டின நாலு பேரும் உள்ளே போய்விட்டதால் சங்கிலியின் கைக்கு எட்டினது அடித்துக் கொடுத்தவன் ஒருத்தன்தான். அவன் தம்பியின் வலது கை கடைசிவரை கிடைக்கவில்லை. அதனால் சங்கிலி வேலாண்டியின் தலையைக் கொண்டுபோய் எங்கேயோ வைத்துவிட்டு, மறுநாள் மதுரைக் கோர்ட்டில் போய் நின்றான். போலீஸ் அடித்தது, வக்கீல் கெஞ்சினார், அவன் வாயைத் திறக்கவில்லை. கழுத்துக்கு மேலே ஒரு மண்கலயத்தை வைத்து, அதில் கரியால் கண்ணும் மூக்கும் எழுதித்தான் குருவம்மா புருசனைப் புதைத்தாள். முதல் கூடை மண் விழுந்தபோது கலயம் உடைந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அன்றிலிருந்து அவள் அழவே இல்லை. தலை கிடைக்காமல் எதைப் பார்த்து அழுவது என்று அவளுக்கு விளங்கவில்லை.

போன தையில் சங்கிலி விடுதலையாகி வந்து, பட்டறைக்கு எதிர்த்த டீக்கடை பெஞ்சில் நாள் தவறாமல் உட்கார்ந்தான். குருவம்மாவும் நாள் தவறாமல் தெருவைக் கடந்து போய் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

“தலை எங்க, சங்கிலி?”

“என் தம்பி கை எங்க, மதினி?”

அதோடு அவள் திரும்பி வந்துவிடுவாள். வேறு எந்தப் பேச்சும் அவர்களுக்குள் இல்லை.

வாள் சுவரில் ஏறின மறுநாள் காலை, மாயழகும் அவன் மச்சான் கொம்பையாவும் மண்வெட்டிக்குக் கூர் வைக்க வந்த இடத்தில் வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை போட்டார்கள். கொம்பையா கைக்கு எட்டினதைப் பிடுங்கி ஓங்கினான். எட்டினது டாக்டர் வாள். பாயசத்துக் கரண்டிக்கு இருக்கிற கூர்கூட அதற்குக் கிடையாது, சும்மா ஒரு சாத்து சாத்தத்தான் ஓங்கினான், ஆனால் மாயழகின் தலை வாழைத்தண்டை அறுத்தமாதிரி அறுந்து பேச்சியின் காலடிக்கு உருண்டு வந்து இரண்டு தரம் கண்ணைக் கொட்டியது. ரத்தம் துருத்தி வரைக்கும் பீய்ச்சி அடித்தது. ஊரே கூடி ஒப்பாரி வைத்தது. கொம்பையா வாளைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டு அதன் அடியிலேயே உட்கார்ந்தான். மத்தியானம் போலீஸ் வருவதற்குள் உடம்பும் தலையும் பொடிந்து சாம்பலாகி, காற்றில் ஊர்ந்து, உலை வாய்க்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் விடியும்போது உலைக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. மாயழகு கரியும் சாம்பலுமாக வெளியே வந்து, “என்னத்தா பேச்சி, ஒரு டீ சொல்லேன்” என்றான்.

பொண்டாட்டி ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனோ திகைத்துப்போய், “யாரு வீட்டுப் பொண்ணுப்பா இது? ஏன் என்னைக் கட்டிப் பிடிக்குது?” என்று கேட்டான். கல்யாணம் ஆகிப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது, அவனுக்கு ஒரு வருசம் போயிருந்தது. அவள் விட்ட அறையில் அவன் மறுபடி உலைக்குள்ளேயே விழுந்தான். ஏட்டையா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “பொணத்தைக் காட்டுங்கப்பா” என்றார். “இந்தா, டீ குடிக்குது” என்று காட்டினார்கள். அவர் நோட்டை மூடிவிட்டுத் தனக்கும் ஒரு டீ சொன்னார்.

அதற்கப்புறம் கரடனேந்தல் அந்த வாளை எப்படிப் பழகிக்கொண்டது என்று கேட்டால், கரண்டு வந்ததை எப்படிப் பழகிக்கொண்டதோ அப்படித்தான். முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாவது வாரம் வரிசையில் நின்றார்கள். கடன் வாங்கினவனைக் கடன் கொடுத்தவன் வெட்டப் போய், ஐயோ வாங்கினதையே மறந்துவிடுவானே என்று பாதியில் திரும்பி வந்தான். மாமியாரை மருமகள் வெட்டினாள், மாமியார் எழுந்து வந்து அவளைப் பெண்பார்க்கப் போன நாளில் நின்றுகொண்டு, நல்ல பிள்ளையாத் தெரியுது என்று சொன்னாள். ஊர்க்கூட்டம் போட்டு, செவ்வாய் வெள்ளியில் வெட்டக் கூடாது, வாயும் வயிறுமாக இருக்கிறவளை வெட்டக் கூடாது, பத்தாம் வகுப்புப் படிக்கிறவர்களை வெட்டவே கூடாது என்று கட்டுப்பாடு செய்தார்கள். கெல்மோர் என்பது வாயில் நுழையாமல் கெல்முனி ஆயிற்று, கெல்முனிக்கு எலுமிச்சம்பழ மாலை ஏறிற்று. வார்ப்போடு வந்த டாக்டரை ஊர் விடவில்லை. அவர் பட்டறைக்கல்லுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சந்தேகம் கேட்டு வருகிறவர்களுக்குக் காகிதத்தைப் புரட்டிப் பதில் சொன்னார். ஆனால் “நீங்க ஒருதரம் வெட்டிக்கிறீங்களா டாக்டர்?” என்று கேட்டால் மட்டும், “கிளினிக் தொறந்தே இந்த வருசந்தாங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆடித் திருவிழாவில்தான் அது முற்றியது. முதல் மரியாதை யாருக்கு என்று கிழக்குத் தெருவும் மேற்குத் தெருவும் மல்லுக்கு நின்றன. சாவு பயம் போன ஊரில் சண்டைக்கு என்ன தடை? ஒரே வாள்தான், அதை மாற்றி மாற்றி வாங்கி வெட்டினார்கள். “ஏய், வெட்டிட்டீல்ல, குடுடா இங்க, எங்க முறை” என்று குரல் கேட்கும், ஒரு தலை விழும், வாள் கை மாறும், இன்னொரு தலை விழும். பொங்கல் பானைக்குள் ரத்தம் தெறித்துப் பொங்கல் சிவந்தது. குடல் சரிந்தவன் அதைக் கையில் ஏந்திக்கொண்டே அடுத்தவனைக் காலால் உதைத்தான். பதினொரு பேர் செத்து, விடியற்காலம் பதினொரு பேரும் ஒரே உலை வாயில் நெருக்கியடித்து, காலை மிதிக்காதடா, தள்ளாதடா என்று கத்திக்கொண்டு எழுந்து வந்தார்கள். எதற்குச் சண்டை என்று ஒருவனுக்கும் ஞாபகம் இல்லை. வீட்டுப் பொம்பிளைகள் சொல்லிக் கொடுத்தார்கள், சொல்லி முடித்ததும் மறுபடி வாளைத் தேடினார்கள். குருவம்மா தினமும் விடியலில் பட்டறையைக் கழுவினாள்.

அவள் தன் கையால் முதலில் வெட்டினது செல்லக்கிளியை. செல்லக்கிளியின் ஒரே மகள் சித்திரையில் கிணற்றில் விழுந்து செத்திருந்தாள். “எனக்கு இந்த வருசம் வேணாங்க்கா, எடுத்துருங்க, என்னால முடியல” என்று வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். குருவம்மா கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள். விடிந்ததும் செல்லக்கிளி எழுந்து, சாம்பலைத் தட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு, “நான் எப்படி இங்க வந்தேன்? பாப்பா பள்ளிக்கூடம் போயிருச்சா?” என்று கேட்டாள். மத்தியானத்துக்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். சித்திரையில் கேட்ட அதே கத்தல், அதே முதல் கத்தல், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. மறுவாரம் அவள் திரும்ப வந்து கழுத்தை நீட்டினபோது குருவம்மா முடியவே முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் யோசித்தாள். ஒரு வெட்டுக்கு ஒரு வருசம். சங்கிலி அவள் புருசனை வெட்டி ஒன்பது வருசம். ஒன்பது வெட்டு வெட்டினால், வேலாண்டியின் தலையை ஒளித்துவைத்த அன்றைக்கே அவன் போய் நிற்பான். அப்போது அவன் எதையும் சொல்ல வேண்டியதில்லை, அவன் கால் போகிற இடத்துக்குப் பின்னாலேயே போனால் போதும். நாள் மட்டும் பிசகக் கூடாது. அவள் காலண்டரைப் பார்த்தாள், ஆவணி பதினொன்று வர ஆறு நாள் இருந்தது. டாக்டரிடம் கேட்டாள், அவர் மூன்று தரம் காகிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, “கணக்கு சரிதாம்மா, ஆனா…” என்று இழுத்தார். ஆனா என்கிறதை அவள் கேட்கவில்லை.

சங்கிலி அதுவரை அந்த வாளால் யாரையும் வெட்டவில்லை, யாரிடமும் வெட்டுப்படவுமில்லை. ஒரு வருசத்தைக் கழித்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்டவர்களிடம், “எனக்கு என் தம்பியை மறக்க வேணாம்” என்று மட்டும் சொன்னான். ஆவணி பதினொன்று சாயங்காலம் குருவம்மா வாளை முந்தானையால் சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்து போய் அவன் முன்னால் நின்றாள்.

“தலை எங்க, சங்கிலி?”

அன்றைக்கு அவன் தம்பி கையைப் பற்றிக் கேட்கவில்லை. டீக்கிளாஸைக் கீழே வைத்தான். “இன்னைக்குத்தான்ல, மதினி” என்றான். “எனக்கும் வயசாகுது. இன்னும் கொஞ்ச நாள் குடு.” ஒன்பது வருசம் கொடுத்தவளிடம் கொஞ்ச நாள் கேட்டால் எப்படி இருக்கும்? அவள் முந்தானையை உதறினாள், ஒரே வீச்சு, தலை டீ பாய்லரில் மோதி விழுந்தது.

மறுநாள் விடியலில் இருந்து அவள் உலை வாயிலேயே குந்தியிருந்தாள். அவன் எழுந்து, கண்ணைக் கசக்கி, நாலு வார்த்தை பேசுவதற்குள் வெட்டினாள். இரண்டாம் நாள் எழுந்தவன் இன்னும் ஜெயிலுக்குள்தான் இருந்தான். கையைக் கட்டிக்கொண்டு, வரிசையில் நிற்கிறதாக நினைத்து, தன் நம்பரைச் சொன்னான், சொல்லி முடித்ததும் வெட்டினாள். மூன்றாம் நாள் தட்டை நீட்டுகிறமாதிரி கையை நீட்டினான், நீட்டின கையோடு சேர்த்து வெட்டினாள். நாலாம் நாள் அவன் காய்ச்சலில் கிடக்கிறதாக நினைத்துப் பிதற்றிக்கொண்டு எழுந்தான். ஐந்தாம் நாள் எழுந்தவன் முகமெல்லாம் சந்தோசமாக, “மதினியா? நீங்க எங்க இங்க? எங்க அம்மா மனுப் போட்டிருக்கு, பாக்க வருது” என்றான். அந்த அம்மா செத்து நாலு வருசம் ஆயிற்று. குருவம்மா வாளைக் கீழே போட்டாள். பேச்சி எடுத்துக் கொடுத்து, “மதினி, எங்க அண்ணனை நினைச்சுக்க” என்றாள். அவள் அழுத்தமாகப் பிடித்து வெட்டினாள். சரியாக விழவில்லை, இரண்டாவது தரமும் வெட்ட வேண்டியிருந்தது, சாவு ஒன்றானதால் கணக்கு ஒன்றுதான்.

அதற்கப்புறம் எழுந்துவந்த சங்கிலிகள் ஒருத்தனைவிட ஒருத்தன் மோசமாக இருந்தார்கள். ஆறாவது சங்கிலி முறைத்தான். ஏழாவது சங்கிலி குறட்டைப் பிடுங்கிப் பேச்சியின் மண்டையை உடைத்தான், உடைத்த கையோடு வெட்டுப்பட்டான். எட்டாவது சங்கிலி குருவம்மா முகத்தில் காறித் துப்பி, “உன் புருசன் தலை இல்லாமத்தான் அலையணும், அலையட்டும்” என்று பல்லைக் கடித்தான். எச்சிலைத் துடைக்காமலே அவள் அவனை வெட்டினாள். அவளுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஜெயில் அந்த மனுசனை ஒன்பது வருசமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி வைத்திருந்தது, இன்னும் கொஞ்ச நாள் குடு என்று கேட்டவன் நிஜமாகவே சொல்லியிருப்பான், அந்தச் சங்கிலியை அவளே வெட்டித் தீர்த்துவிட்டாள். ஆனால் நடுவில் நிறுத்தி என்ன செய்ய? ஒன்பதாவது சங்கிலியை வாய் திறக்கவே விடாமல் வெட்டினாள்.

பத்தாவது நாள் விடியலில், ஒன்பது வெட்டு முடிந்து, ஒளித்துவைத்த அன்றைக்குச் சாயங்காலத்துச் சங்கிலி எழுந்தான். யாரையும் பார்க்கவில்லை. தன் இரண்டு கையையும் மோந்து பார்த்தான், வேட்டியில் துடைத்தான், மறுபடி மோந்து பார்த்தான். பிறகு விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்தான். பின்னால் வாளோடு குருவம்மா, மண்டைக் கட்டோடு பேச்சி, காகிதக் கட்டோடு டாக்டர், அவர்களுக்குப் பின்னால் பாதி ஊர். அவன் கண்மாயைத் தாண்டினான், மயானத்துக்குள் நுழைந்தான், தன் தம்பியைப் புதைத்த இடத்துக்கு நேராகப் போய், “தம்பி, முடிச்சுட்டேன்டா” என்று சொல்லிக்கொண்டே மண்டியிட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் தலை நிமிர்ந்தான். அவனுக்குப் பதினாறு நாள் ஆன புது மண் அது. அங்கே ஒரு கருவேல மரம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது.

“இது யாரு வச்ச மரம்?” என்றான். “மத்தியானம் இல்லையே.”

“ஒன்பது வருசம் ஆச்சு, சங்கிலி” என்றாள் குருவம்மா. “உன் மீசையைத் தொட்டுப் பாரு.”

அவன் மீசையைத் தொட்டான், கையில் சுருங்கின தோலைப் பார்த்தான், சுற்றி நின்ற ஊரின் நரைத்த தலைகளைப் பார்த்தான். பேச்சி தான் கொண்டுவந்த மண்வெட்டியை அவன் முன்னால் போட்டாள். அவன் அதை எடுக்கவில்லை, கையாலேயே பறித்தான். நகம் பெயர்ந்து ரத்தம் வடியப் பறித்தான். இடுப்பளவு ஆழத்தில் தம்பியின் எலும்பு தெரிந்தது. வலது கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மண்டையோடு இருந்தது. பட்டறையில் இரும்புச் சில்லு தெறித்து உடைந்த வேலாண்டியின் பாதி முன்பல் அதில் அப்படியே இருந்தது. குருவம்மா குழிக்குள் இறங்கி, வேரை ஒவ்வொன்றாகப் பிய்த்து, தன் புருசனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

சங்கிலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேலாண்டி செத்து ஒரு பொழுதுகூட முழுசாக ஆகவில்லை. அவனுடைய ஆத்திரமெல்லாம் அந்த மரத்தைப் பார்த்த நிமிசத்திலேயே வடிந்துபோய்விட்டது, செய்தது மட்டும் சூடு ஆறாமல் கையில் இருந்தது. கூட்டத்தில் யாரோ வாளைப் பற்றி, வெட்டைப் பற்றி, வருசத்தைப் பற்றி அவனுக்கு விவரம் சொன்னார்கள். கேட்டு முடித்ததும் அவன் குழிக்குள் தவழ்ந்து வந்து குருவம்மாவின் காலைப் பிடித்தான்.

“மதினி, ஒரே ஒரு வெட்டு. இன்னும் ஒரு வருசம் பின்னால தள்ளிவிட்டுரு. அண்ணன் இருக்கிற வருசத்துக்குப் போயிர்றேன். என் கை நாறுது மதினி, எனக்கு இது வேணாம்.”

“வெட்டிவிடு குருவம்மா” என்றது ஊர். “பாவம், பழைய சங்கிலியா எந்திரிச்சு வரட்டுமே. உனக்கும் கரி சுமக்க ஆள் ஆச்சு.” டாக்டர்கூடத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “விதிப்படி அதுக்கு இடம் இருக்கும்மா” என்றார். அவள் தலை நிமிர்ந்தாள். ஒன்பது வருசத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“வெட்டலாம். விடிஞ்சதும் எந்திரிச்சு, சாம்பலைத் தட்டிட்டு, சிரிச்ச முகத்தோட என் முன்னால வந்து நிப்பான். நின்னு, அண்ணன் எங்க மதினின்னு கேப்பான். யாருகிட்ட? என்கிட்ட! வெட்டினவன் மறந்துட்டு வந்து கேப்பான், அவனுக்கு நான் உக்காந்து சொல்லணுமாக்கும், உங்க அண்ணனை வெட்டிட்டாங்கப்பான்னு? அவன் மாருல அடிச்சுக்கிட்டு அழுவான், நான் தேத்தணுமாக்கும்?” அவள் காலை அவன் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள். “முடியாதுடா. நீ செஞ்சது உன்கிட்டயே இருக்கட்டும்.”

மடியில் தலையோடு அவள் பட்டறைக்கு நடந்தாள். சங்கிலி வழியெல்லாம் மண்ணில் புரண்டு கத்திக்கொண்டே வந்தான். வாளை உலையில் போட்டாள், துருத்தியை முடுக்கிவிட்டாள், வெள்ளையாகப் பழுத்ததும் பேச்சியைப் பார்த்தாள். பேச்சி சம்மட்டியை எடுத்தாள். டாக்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். முதலில் எழுத்து போயிற்று, அப்புறம் ஏழு துளையும் மூடிற்று, அப்புறம் அது வெறும் லாரிப் பட்டை ஆயிற்று. தண்ணீரில் இறக்கும்போது யார் பேரையும் அவள் சொல்லவில்லை.

அன்றைக்கே வேலாண்டியின் குழியைத் திறந்து, உடைந்த கலயத்தின் ஓடுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, கழுத்துக்கு மேலே தலையை வைத்தார்கள். முகத்தைப் பார்த்துக் குருவம்மா அழுதாள். ஒன்பது வருசத்துக்கு முன்னால் அழ வேண்டியதை, தலையிலும் வாயிலும் அடித்துக்கொண்டு, பெற்ற தாயைப் பறிகொடுத்த பிள்ளையைப்போல அழுதாள். கொஞ்சம் தள்ளி, யாரும் பக்கத்தில் சேர்க்காமல், கையைத் தூரப் பிடித்துக்கொண்டு சங்கிலியும் அண்ணே அண்ணே என்று அழுதான். இரண்டு அழுகையில் அவனுடையதுதான் புதுசாக இருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் மண்ணைத் தள்ளினாள்.